கலப்பினத் தானுந்து மின்கல அடுக்கின் பழுது நீக்கம்

கலப்பினத் தானுந்து மின்கல அடுக்கின் பழுது நீக்கம் என்பது, பெட்ரோல் பொறியும் மின்னோடியும் இணைந்து இயங்கும் பழைய தானுந்துகளில், உயர் மின்னழுத்த மின்கல அடுக்கை முழுமையாக மாற்றாமல், அதனுள் செயலிழந்த கலக்கட்டுகளை மட்டும் கண்டறிந்து நீக்கி வேறு கலக்கட்டுகளைப் பொருத்தும் பணியாகும். நிக்கல்-உலோக ஐதரைடு வகை மின்கலங்களைக் கொண்ட டொயோட்டா பிரியஸ், டொயோட்டா அக்குவா, ஹோண்டா சிவிக் கலப்பினம் போன்ற ஊர்திகளில் இது பரவலாகச் செய்யப்படுகிறது. தமிழ் பேசும் நிலப்பகுதிகளுள் இலங்கையிலேயே இத்தொழில் பெரிதும் வளர்ந்துள்ளது. சப்பானில் பயன்படுத்தப்பட்ட கலப்பினத் தானுந்துகள் அங்கு பெருமளவில் இறக்குமதி செய்யப்பட்டமையும், 2020 முதல் 2025 வரை வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையும் இதற்கு முதன்மைக் காரணங்களாகும்.

இப்பணி அடுக்கின் ஆயுளை நீட்டிக்கக்கூடியது. ஆனால் அடுக்கைப் புதியதாக்குவதில்லை. கலக்கட்டுகள் அனைத்தும் ஒரே சங்கிலியாக இணைக்கப்பட்டிருப்பதால், அவற்றுள் மிக நலிந்த ஒன்றே முழு அடுக்கின் திறனையும் தீர்மானிக்கிறது. பழுதான ஒரு கட்டை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றைச் சோதிக்காமல் விடும் முறை பெரும்பாலும் குறுகிய காலப் பயனையே தருவது இதனாலாகும்.

சொற்கள்

தமிழகத்தில் பேட்டரி என்றும் இலங்கையில் பற்றரி என்றும் வழங்கப்படும் முழுத் தொகுதி இக்கட்டுரையில் மின்கல அடுக்கு எனக் குறிக்கப்படுகிறது. 1.2 வோல்ட் மின்னழுத்தம் தரும் தனி அலகு கலம் ஆகும். பல கலங்கள் பிரிக்க முடியாதவாறு ஒன்றிணைக்கப்பட்ட அலகு கலக்கட்டு (மாட்யூல்) ஆகும். பணிமனைகளிலும் விளம்பரங்களிலும் கலக்கட்டையே "செல்" என்று அழைப்பதுண்டு. "ஒரு செல் மாற்றப்பட்டது" என்று கூறப்படும்போது, பெரும்பாலும் ஆறு கலங்கள் கொண்ட ஒரு கட்டு மாற்றப்பட்டது என்றே பொருள் கொள்ள வேண்டும். ஒரு கட்டினுள் இருக்கும் தனிக் கலத்தை மட்டும் மாற்றுதல் நடைமுறையில் இயலாது.

மின்கல அடுக்கின் பணி

கலப்பினத் தானுந்து வேகம் குறைக்கும்போது, வீணாகும் இயக்க ஆற்றலின் ஒரு பகுதி மின்னாற்றலாக மாற்றப்பட்டு மின்கல அடுக்கில் சேமிக்கப்படுகிறது. ஊர்தி புறப்படும்போதும் விரைவு கூட்டும்போதும் இவ்வாற்றல் மின்னோடிக்கு வழங்கப்படுகிறது. இதனால் பொறி தனக்கு உகந்த வேகத்தில் மட்டும் இயங்கவும், நெரிசலில் நிற்கும்போது அணைந்திருக்கவும் முடிகிறது. எரிபொருள் சிக்கனம் இதனாலேயே கிடைக்கிறது.

டொயோட்டா நிறுவனத்தின் அமைப்பில் பெட்ரோல் பொறியை இயக்கி வைப்பதும் உயர் மின்னழுத்த அடுக்கின் ஆற்றலைப் பெறும் ஒரு மின்னோடியே ஆகும். வழக்கமான 12 வோல்ட் தொடக்கி இவ்வூர்திகளில் இல்லை. ஆகவே அடுக்கு முற்றிலும் செயலிழந்தால் தொட்டியில் பெட்ரோல் நிறைந்திருந்தாலும் ஊர்தி நகராது. ஹோண்டா இன்சைட், சிவிக் ஆகியவற்றின் பழைய கலப்பின வகைகளில் 12 வோல்ட் தொடக்கியும் உள்ளதால், அடுக்கு நலிந்த பின்னரும் அவை குறைந்த திறனுடன் ஓடக்கூடும்.

அமைப்பு

முதல் பிரியஸ் 1997 டிசம்பரில் சப்பானில் விற்பனைக்கு வந்தது. அதில் டார்ச்சு விளக்குக் கலங்களை ஒத்த உருளை வடிவக் கலங்கள் பயன்பட்டன. 2000ஆம் ஆண்டு முதல் தட்டையான பட்டக வடிவக் கட்டுகள் அறிமுகமாயின. இவற்றை உருவாக்கிய பேனாசோனிக் ஈ.வி. எனர்ஜி நிறுவனம் 2010இல் பிரைம் எர்த் ஈ.வி. எனர்ஜி எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஒரு பட்டகக் கட்டில் ஆறு கலங்கள் தொடரிணைப்பில் உள்ளன. அதன் பெயரளவு மின்னழுத்தம் 7.2 வோல்ட், கொள்ளளவு 6.5 ஆம்பியர்-மணி, எடை ஒரு கிலோகிராமுக்குச் சற்று மேல்.

சில ஊர்திகளின் அடுக்கு அமைப்பு பின்வருமாறு:

பிரியஸ், முதல் வகை (1997): 40 கட்டுகள், 240 உருளைக் கலங்கள், 288 வோல்ட்
பிரியஸ், மாற்றியமைக்கப்பட்ட முதல் வகை (2000): 38 கட்டுகள், 273.6 வோல்ட்
பிரியஸ், இரண்டாம் தலைமுறை (2003): 28 கட்டுகள், 201.6 வோல்ட்
பிரியஸ், மூன்றாம் தலைமுறை (2009): 28 கட்டுகள், 201.6 வோல்ட்
டொயோட்டா அக்குவா (2011): 20 கட்டுகள், 144 வோல்ட்
ஹோண்டா இன்சைட், முதல் தலைமுறை (1999): 120 உருளைக் கலங்கள், 144 வோல்ட்
ஹோண்டா சிவிக் கலப்பினம் (2005): 132 கலங்கள், 158.4 வோல்ட்

28 கட்டுகள் கொண்ட பிரியஸ் அடுக்கின் மொத்த ஆற்றல் ஏறத்தாழ 1.3 கிலோவாட்-மணி மட்டுமே. அதிலும் முழுக் கொள்ளளவு பயன்படுத்தப்படுவதில்லை. கட்டுப்பாட்டுக் கணினி அடுக்கின் மின்னேற்ற அளவை ஏறக்குறைய 40 விழுக்காட்டிற்கும் 80 விழுக்காட்டிற்கும் இடையே வைத்திருக்கிறது. முழுமையாக ஏற்றுவதும் முழுமையாக இறக்குவதும் தவிர்க்கப்படுவதால் கலங்களின் ஆயுள் பல மடங்கு நீள்கிறது.

கட்டுகள் அடுத்தடுத்துத் திசை மாற்றி அடுக்கப்பட்டு, ஒன்றின் நேர்முனையும் அடுத்ததன் எதிர்முனையும் செப்புப் பட்டைகளால் இணைக்கப்படுகின்றன. இரு ஓரங்களிலும் உள்ள தகடுகள் கட்டுகளை இறுக்கிப் பிடிக்கின்றன. மேற்கூறிய 28 கட்டு அடுக்கில் இரண்டிரண்டு கட்டுகள் ஒரு தொகுதியாகக் கொள்ளப்பட்டு, 14 தொகுதிகளின் மின்னழுத்தமும் தனித்தனியே கணினியால் கண்காணிக்கப்படுகிறது. பயணிகள் அறையின் காற்றை உறிஞ்சி அடுக்கின் ஊடே செலுத்தும் ஒரு மின்விசிறி குளிரூட்டலுக்காக உள்ளது.

பழுதுக்கான காரணங்கள்

நிக்கல்-உலோக ஐதரைடு கலத்தின் நேர்மின்வாயில் நிக்கல் ஆக்சி-ஐதராக்சைடும், எதிர்மின்வாயில் ஐதரசனை உள்வாங்கக்கூடிய உலோகக் கலவையும் உள்ளன. இலந்தனம், சீரியம் முதலிய அருமண் உலோகங்களும் நிக்கலும் அக்கலவையில் இடம்பெறுகின்றன. பொட்டாசியம் ஐதராக்சைடு கரைசல் மின்பகுளியாகப் பயன்படுகிறது. காலப்போக்கில் உலோகக் கலவை அரிக்கப்படுவதாலும் மின்பகுளி வறள்வதாலும் கலத்தின் உள்தடை உயர்ந்து கொள்ளளவு குறைகிறது.

வெப்பம். இதுவே முதன்மைக் காரணம் ஆகும். வெப்பநிலை உயர உயர வேதிச் சிதைவு விரைவடைகிறது. மின்னேற்றத் திறனும் குறைகிறது. அடுக்கின் நடுவில் உள்ள கட்டுகளிலிருந்து வெப்பம் எளிதில் வெளியேறாது. எனவே நடுக்கட்டுகள் முதலில் நலிவதும் ஓரக்கட்டுகள் நீண்ட நாள் நிலைப்பதும் வழக்கம்.

தூசு. பின்னிருக்கைக்கு அருகே உள்ள காற்றுத் துளை துணி, பை முதலியவற்றால் மறைக்கப்பட்டாலோ, மின்விசிறியின் இதழ்களில் தூசும் மயிரிழைகளும் படிந்தாலோ குளிரூட்டல் தடைப்படும். பின்னிருக்கையில் ஆளில்லாதபோது பொருள்களை ஏற்றிச் செல்லும் வழக்கம் இத்துளையை மறைக்கும் ஒரு பொதுவான காரணம்.

அரிமானம். ஈரப்பதம் மிகுந்த இடங்களில் செப்புப் பட்டைகளிலும் மின்னழுத்தம் அளக்கும் கம்பி முனைகளிலும் பச்சை நிறப் படிவு தோன்றும். இதனால் அளவீடு பிழையாகி, நல்ல கட்டும் பழுதானதாகக் கணினிக்குத் தோன்றலாம். இவ்வாறான பழுது பட்டைகளைத் துப்புரவு செய்வதாலேயே நீங்குவதும் உண்டு.

சமநிலையின்மை. ஒவ்வொரு கலமும் பயன்படுத்தாத வேளையிலும் தானாகவே சிறிதளவு மின்னேற்றத்தை இழக்கிறது. இவ்விழப்பு எல்லாக் கலங்களிலும் ஒன்றாக இருப்பதில்லை. மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற ஊர்தியில் கலங்களின் மின்னேற்ற நிலைகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகிவிடுகின்றன.

நலிந்த கட்டு மேலும் விரைவாக நலிவது ஏன் என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். 6.5 ஆம்பியர்-மணி அடுக்கில் 40 முதல் 80 விழுக்காடு வரையிலான இடைவெளி 2.6 ஆம்பியர்-மணி ஆகும். ஒரு கட்டின் கொள்ளளவு 2 ஆம்பியர்-மணியாகக் குறைந்துவிட்டது எனக் கொள்வோம். மற்ற கட்டுகள் தம் இயல்பான எல்லைக்குள் இயங்கும் அதே நேரத்தில், இக்கட்டு ஒரு முனையில் முழுமையாக வற்றியும் மறுமுனையில் அளவுக்கு மிஞ்சி ஏற்றப்பட்டும் துன்புறும். வற்றிய கலத்தின் வழியே மற்றவை மின்னோட்டத்தைச் செலுத்தும்போது அதன் முனைகள் எதிர்மாறாகி, வளிமம் உண்டாகி, கட்டு உப்பி, இறுதியில் செயலிழக்கிறது. இந்நிலை வரும்வரை ஓட்டுநருக்கு வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை. "நேற்று வரை நன்றாக ஓடியது" என்று கூறப்படும் ஊர்திகளில் பல, நெடுநாள் நலிந்திருந்தவையே ஆகும்.

அறிகுறிகளும் கண்டறிதலும்

தொடக்க நிலையில் காட்சித் திரையில் மின்னேற்ற அளவு மிக விரைவாக ஏறியும் இறங்கியும் காணப்படும். மின்விசிறி உரத்த ஒலியுடன் அடிக்கடி இயங்கும். ஊர்தி நின்றிருக்கும்போதும் பொறி அணையாமல் ஓடும். எரிபொருள் செலவு கூடும். பின்னர் சிவப்பு முக்கோண எச்சரிக்கை விளக்கு எரியும்.

கணினியை ஆய்வுக் கருவியுடன் இணைத்தால் பழுதுக் குறியீடுகளைப் படிக்கலாம். டொயோட்டா ஊர்திகளில் பி0ஏ80 என்னும் குறியீடு அடுக்கை மாற்ற வேண்டும் என்பதைக் குறிக்கும். பி3011 முதல் பி3024 வரையிலான குறியீடுகள் 14 தொகுதிகளில் எது நலிந்தது என்பதைக் காட்டும். குறியீட்டை அழித்துவிட்டால் எச்சரிக்கை விளக்கு தற்காலிகமாக அணையும், பழுது நீங்குவதில்லை. பயன்படுத்திய ஊர்தியை வாங்குவோர், விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் கொண்டு முடிவு செய்யாமல், ஊர்தியை நெடுந்தொலைவு ஓட்டி, முடுக்கும்போதும் வேகம் குறைக்கும்போதும் 14 தொகுதிகளின் மின்னழுத்தங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று. ஒரு கலம் செத்த கட்டு மற்றவற்றை விட ஏறத்தாழ 1.2 வோல்ட் குறைவாகக் காட்டும்.

பாதுகாப்பு

200 வோல்ட் அளவிலான நேர் மின்னோட்டம் உயிரைப் பறிக்க வல்லது. தசைகள் இறுகிப் பிடிபட்டவர் தாமாகக் கையை விடுவிக்க முடியாமல் போகலாம். இப்பணியின் தனித்தன்மை யாதெனில், மின்கல அடுக்கை முற்றிலும் அணைத்து வைக்க இயலாது என்பதாகும். ஆரஞ்சு நிறப் பராமரிப்புச் செருகியை வெளியே எடுப்பதால் அடுக்குக்கும் ஊர்தியின் பிற பகுதிகளுக்கும் இடையிலான தொடர்பு துண்டிக்கப்படுகிறது. அடுக்கின் உட்சங்கிலியும் இரண்டாகப் பிரிகிறது. ஆயினும் பிரிந்த ஒவ்வொரு பகுதியிலும் மின்னழுத்தம் எஞ்சியே இருக்கும்.

பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் ஒழுங்கு பின்வருமாறு:

1. ஊர்தி அணைக்கப்பட்டு, திறவி ஊர்தியிலிருந்து தொலைவில் வைக்கப்படுகிறது.
2. 12 வோல்ட் பேட்டரியின் எதிர்முனை கழற்றப்படுகிறது.
3. 1,000 வோல்ட் தாங்கும் மின்காப்புக் கையுறை அணிந்து பராமரிப்புச் செருகி எடுக்கப்படுகிறது. வேறொருவர் தவறுதலாக மீண்டும் செருகிவிடாதிருக்க, அது பணி செய்பவரின் சட்டைப்பையிலேயே இருக்க வேண்டும்.
4. இன்வர்ட்டரின் மின்தேக்கிகள் மின்னிறக்கம் பெற 10 நிமிடங்கள் காத்திருக்கப்படுகிறது.
5. மல்டிமீட்டரால் மின்னழுத்தம் அளந்து உறுதி செய்த பின்னரே மூடி திறக்கப்படுகிறது.

கையுறையில் ஊசித்துளை அளவு ஓட்டை இருப்பினும் அது பயனற்றது. ஆகவே ஒவ்வொரு முறையும் காற்றடைத்துச் சோதிக்க வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி ஆகியவை கழற்றப்பட வேண்டும். கைதவறி விழும் ஒரு ஸ்பேனர் இரு முனைகளை இணைத்துவிட்டால் அது நொடியில் பழுக்கக் காய்ந்து உருகும். முனைக்கு முனை மின்காப்புப் பட்டை சுற்றிய கருவிகளையே பயன்படுத்துவதும், தனியாக இப்பணியைச் செய்யாதிருப்பதும் நலம். கட்டிலிருந்து மின்பகுளி கசிந்திருந்தால் அது கடுமையான காரம் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். அதை நடுநிலைப்படுத்த நீர்த்த போரிக் அமிலக் கரைசல் பயன்படுத்தப்படுகிறது. கண்ணில் பட்டால் உடனே நீரால் கழுவி மருத்துவரை அணுக வேண்டும்.

செய்முறை

அடுக்கு ஊர்தியிலிருந்து இறக்கப்பட்டு, கட்டுகளுக்கு வரிசை எண் இடப்படுகிறது. செப்புப் பட்டைகள் நீக்கப்பட்ட பின் ஒவ்வொரு கட்டும் தனித்து 7.2 வோல்ட் அலகாகிவிடுவதால் பெரும் மின்னழுத்த ஆபத்து இந்நிலையில் நீங்குகிறது. பின்வரும் சோதனைகள் செய்யப்படுகின்றன.

ஓய்வு மின்னழுத்தம். நலமான கட்டு பொதுவாக 7.5 முதல் 8 வோல்ட் வரை காட்டும். ஏனையவற்றை விட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்த கட்டு கழிக்கப்படுகிறது. ஆனால் இச்சோதனையில் தேறிய கட்டு நலமானது என்று கூறிவிட முடியாது.

சுமைச் சோதனை. தானுந்தின் 55 வாட் முகப்பு விளக்குக் குமிழ் ஒன்றைக் கட்டுடன் இணைத்து, குறிப்பிட்ட நேரத்தில் மின்னழுத்தம் எவ்வளவு விழுகிறது என்று எல்லாக் கட்டுகளுக்கும் ஒரே முறையில் அளக்கப்படுகிறது. மற்றவற்றை விட மிகுதியாக விழும் கட்டு நலிந்தது.

கொள்ளளவுச் சோதனை. கட்டு முழுமையாக மின்னேற்றப்பட்டு, 6 வோல்ட் வரை (கலத்திற்கு 1 வோல்ட்) இறக்கப்படுகிறது. வெளிவந்த ஆம்பியர்-மணி குறித்து வைக்கப்படுகிறது. வழக்கமாக மூன்று சுற்றுகள் செய்யப்படும். மின்னேற்றத்தின்போது கட்டுகள் உப்பக்கூடும் என்பதால் அவற்றைத் தகடுகளுக்கிடையே இறுக்கிப் பிடித்த நிலையிலேயே ஏற்ற வேண்டும். தனியே நிறுத்தி ஏற்றப்பட்டு உப்பிய கட்டு மீண்டும் பயன்படாது.

தன் மின்னிறக்கச் சோதனை. ஏற்றிய கட்டுகள் ஒன்று அல்லது இரண்டு வாரங்கள் அப்படியே வைக்கப்பட்டு மீண்டும் அளக்கப்படுகின்றன. நாள் பிடிக்கும் சோதனை என்பதால் அவசரப் பணிகளில் இதுவே முதலில் விட்டுவிடப்படுகிறது. பழுது திரும்ப வருவதற்கும் இவ்விடுபாடு ஒரு முக்கியக் காரணம்.

தேர்ந்த கட்டுகள் ஒத்த கொள்ளளவு உடையவை ஒரே தொகுதியில் அமையுமாறு இணை சேர்க்கப்படுகின்றன. வலிமை மிக்கவை வெப்பம் மிகுந்த நடுப்பகுதியிலும், சற்றுக் குறைந்தவை ஓரங்களிலும் இடப்படுவது ஒரு நடைமுறை. பின்னர் எல்லாக் கட்டுகளும் பக்க இணைப்பில் ஒரு நாள் வைக்கப்பட்டு ஒரே மின்னழுத்த நிலைக்குக் கொண்டுவரப்படுகின்றன. துப்புரவு செய்யப்பட்ட அல்லது புதிய செப்புப் பட்டைகள் பொருத்தப்பட்டு, மரைகள் டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்கப்படுகின்றன. இரண்டாம் தலைமுறை பிரியசுக்கு இவ்வளவு 5.4 நியூட்டன்-மீட்டர் ஆகும். இது மிகச் சிறிய விசை; கைப்பழக்கத்தால் இறுக்குவோர் நெகிழி உடலில் பதிந்துள்ள திருகை உடைத்துவிடுவது உண்டு. தளர்வாக விடப்பட்ட மரையோ இணைப்பைச் சூடேற்றித் தீ விபத்துக்கு வழிவகுக்கலாம். திசை மாறி வைக்கப்பட்ட ஒரு கட்டும் அதே அளவு ஆபத்தானது என்பதால், செருகியைப் பொருத்துமுன் மொத்த மின்னழுத்தம் அளந்து பார்க்கப்படுகிறது. மின்விசிறியையும் அதன் காற்று வழியையும் துப்புரவு செய்தல் இப்பணியின் பகுதியாகவே கொள்ளப்பட வேண்டும்.

ஒரு கட்டை மட்டும் மாற்றுதல்

ஓர் அடுக்கின் கட்டுகள் அனைத்தும் ஒரே நாளில் செய்யப்பட்டு, ஒரே ஊர்தியில் ஒரே வெப்பத்தில் ஒரே அளவு உழைத்தவை. அவற்றுள் ஒன்று செயலிழந்தால் மற்றவையும் அந்நிலையை நெருங்கிக்கொண்டிருக்கின்றன என்றே கொள்ள வேண்டும். செயலிழந்ததை மட்டும் மாற்றினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ அடுத்த நலிந்த கட்டு பழுதாகிறது. இன்று ஒன்று, நாளை ஒன்று என மாற்றிச் செல்வதில் ஒவ்வொரு முறையும் அடுக்கை இறக்கி ஏற்றும் கூலியே மிகுந்துவிடும்.

பழைய கட்டுகளுக்கு நடுவே புத்தம் புதிய ஒரு கட்டை வைப்பதும் எதிர்பார்த்த பயனைத் தராது. சங்கிலியின் திறன் நலிந்த கட்டால் வரையறுக்கப்படுவதால் புதிய கட்டின் மிகைக் கொள்ளளவு பயன்படாமல் கிடக்கும். தன் மின்னிறக்க வீதம் வேறுபடுவதால் சமநிலையும் விரைவில் குலையும். அடுக்கின் எஞ்சிய கட்டுகளை ஒத்த கொள்ளளவும் வயதும் உடைய கட்டே பொருத்தமானது.

எனவே ஊர்தி உரிமையாளர் முன் நான்கு வழிகள் உள்ளன: செயலிழந்த கட்டை மட்டும் மாற்றுதல், எல்லாக் கட்டுகளையும் சோதித்து நலிந்த அனைத்தையும் மாற்றிச் சமநிலைப்படுத்துதல், வேறு ஊர்தியிலிருந்து எடுத்த பயன்படுத்திய அடுக்கைப் பொருத்துதல், புதிய அடுக்கு வாங்குதல். முதல் வழி செலவு குறைந்தது; ஊர்தியை விற்கும் வரையோ பணம் சேரும் வரையோ காலத்தைக் கடத்த உதவும். இரண்டாம் வழி திறமையாகச் செய்யப்பட்டால் மேலும் சில ஆண்டுகள் தரக்கூடும். மூன்றாவது அந்த அடுக்கின் கடந்த காலத்தைப் பொறுத்தது. நான்காவது மட்டுமே முழு ஆயுளைத் தருவது. பணிமனையிடம் ஒவ்வொரு கட்டின் சோதனை அளவுகளையும் எழுத்தில் கேட்டுப் பெறுதல், முதல் வழிக்குரிய பணிக்கு இரண்டாம் வழிக்குரிய கூலி கொடுப்பதைத் தவிர்க்க உதவும்.

இலங்கையில்

2010களின் முற்பகுதியில் இலங்கையில் கலப்பினத் தானுந்துகளுக்கு, அதே அளவிலான பெட்ரோல் தானுந்துகளை விடக் குறைந்த இறக்குமதி வரி விதிக்கப்பட்டது. இடப்பக்கப் போக்குவரத்து சப்பானிலும் இலங்கையிலும் பொதுவானதாகையால், சப்பானில் சில ஆண்டுகள் ஓடிய பிரியஸ், அக்குவா, ஹோண்டா பிட் முதலியன நேரடியாகக் கொண்டுவரப்பட்டன. இதே காலத்தில் நியூசிலாந்து, மங்கோலியா ஆகிய நாடுகளுக்கும் பயன்படுத்திய சப்பானியக் கலப்பின ஊர்திகள் பெருமளவில் சென்றன. எனினும் ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரப்பதமும் நிலவும் இலங்கைக் கரையோரம், குளிர்நாடான மங்கோலியாவைப் போலன்றி, நிக்கல்-உலோக ஐதரைடு கலங்களுக்கு உகந்ததன்று.

அந்நியச் செலாவணிக் காரணங்களால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1 அன்றே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் நாட்டில் இருந்த ஊர்திகளே மேலும் மேலும் முதுமையடைந்தன. அவற்றின் விலையோ உயர்ந்தது. 2012இல் செய்யப்பட்ட ஓர் அக்குவா, வேறு நாடுகளில் கழிவுக்குச் செல்லக்கூடிய வயதில், இலங்கையில் ஒரு குடும்பத்தின் பெரும் சொத்தாகவோ வாடகை ஓட்டுநரின் ஒரே பிழைப்பாகவோ இருந்தது.

2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடி கலப்பின ஊர்திகளின் மதிப்பை மேலும் உணர்த்தியது. அவ்வாண்டு ஜூன் இறுதியிலிருந்து ஜூலை 10 வரை அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் வழங்கப்பட்டது. ஜூலையில் அறிமுகமான தேசிய எரிபொருள் அனுமதி முறையில் தானுந்துக்கு வாரம் 20 லீட்டர் என வரையறுக்கப்பட்டது. ஒதுக்கீடு அனைவருக்கும் ஒன்றாயினும், அடுக்கு நலமாயுள்ள கலப்பின ஊர்தி அதே 20 லீட்டரில் மிகுதியான தொலைவு ஓடியது. அடுக்கு நலிந்த ஊர்தி அந்நன்மையை இழந்தது. வரிசையில் நின்று சிறிது சிறிதாக நகர்தல் அதன் அடுக்குக்கு மேலும் சுமையாயிற்று.

இச்சூழலில் அடுக்குப் பழுது நீக்கம் ஒரு தனித் தொழிலாக வேரூன்றியது. விபத்தில் சிதைந்த ஊர்திகளிலிருந்து எடுக்கப்பட்ட கட்டுகளும், சப்பானிலிருந்து உதிரிப்பாகங்களாக வந்த பயன்படுத்திய அடுக்குகளும் இதற்கு மூலப்பொருளாயின. கொழும்பின் பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாக வணிகத்திற்குப் பெயர்பெற்ற இடமாகும். ஒரே கட்டு பல ஊர்திகளில் மாறி மாறிப் பயன்படுவதால், அதன் உண்மையான வயதை அறிதல் நாளடைவில் கடினமாகிவிடுகிறது. கட்டின் மீதுள்ள தொடர் எண்ணைக் குறித்து வைத்தல் இதற்கு ஓரளவு தீர்வாகும்.

இந்தியாவில்

இந்தியாவில் ஹோண்டா சிவிக் கலப்பினம் 2008இலும், டொயோட்டா பிரியஸ் 2010இலும், கேம்ரி கலப்பினம் 2013இலும் அறிமுகமாயின. விலை மிகுதியால் இவை குறைந்த எண்ணிக்கையிலேயே விற்பனையாயின. ஆகவே அடுக்குப் பழுது நீக்கும் தொழில் இலங்கையில் வளர்ந்த அளவுக்கு இங்கு வளரவில்லை.

2022 முதல் நிலைமை மாறியுள்ளது. டொயோட்டா ஐரைடர், மாருதி சுசுகி கிராண்ட் விட்டாரா, ஹோண்டா சிட்டி, இன்னோவா ஐகிராசு ஆகியவற்றின் கலப்பின வகைகள் விற்பனைக்கு வந்தன. இவற்றுள் இன்னோவா ஐகிராசு நிக்கல்-உலோக ஐதரைடு அடுக்கையும், ஏனைய மூன்றும் இலித்தியம்-அயனி அடுக்கையும் கொண்டவை. டொயோட்டாவின் கலப்பின அடுக்குகளுக்கு இந்தியாவில் 8 ஆண்டுகள் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தரப்பட்டுள்ளது. காலக் கணக்கின்படி அவ்வுத்தரவாதம் 2030 முதல் முடியத் தொடங்கும். காரைக்கால், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் ஈரப்பதமும் முனைகளின் அரிமானத்தை விரைவுபடுத்தக்கூடும் என்பதால், இலங்கைக் கரையோரப் பணிமனைகளின் பட்டறிவு இப்பகுதிகளுக்குப் பயன்படும்.

இலித்தியம்-அயனி அடுக்குகள்

மேற்கூறிய செய்முறை நிக்கல்-உலோக ஐதரைடு அடுக்குகளுக்கு மட்டுமே பொருந்தும். 2013இல் வந்த மூன்றாம் தலைமுறை ஹோண்டா பிட் கலப்பினம், 2015இல் வந்த நான்காம் தலைமுறை பிரியசின் சில வகைகள் முதலியவற்றில் இலித்தியம்-அயனி அடுக்குகள் உள்ளன. நிக்கல் வகைக் கலம் சிறிதளவு மிகை மின்னேற்றத்தை வெப்பமாக மாற்றித் தாங்கிக்கொள்ளும். இலித்தியம் கலம் அவ்வாறு தாங்காது, தீப்பற்றக்கூடும். விளக்குக் குமிழையும் எளிய மின்னேற்றியையும் கொண்டு இவ்வகை அடுக்குகளைச் சீரமைக்க முயலுதல் கூடாது.

மறுசுழற்சி

கழிக்கப்பட்ட கட்டுகளில் நிக்கல், கோபால்ட், அருமண் உலோகங்கள் ஆகியவை உள்ளதால் அவை மீட்பு மதிப்பு உடையவை. அவற்றின் மின்பகுளி மண்ணுக்கும் நீருக்கும் கேடு விளைவிக்கும். இந்தியாவில் 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், ஈய-அமில வகை மட்டுமன்றி எல்லா வகைப் பேட்டரிகளையும் உள்ளடக்கி, அவற்றைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்கள் மீது சுமத்துகின்றன. சோதனையில் தேறாத கட்டு மீண்டும் சந்தைக்குத் திரும்பாதிருக்க அதன் மீது தெளிவாக அடையாளமிட்டு மறுசுழற்சிக்கு அனுப்புவது நல்ல பணிமனைகளின் நடைமுறையாகும்.

இவற்றையும் பார்க்க

கலப்பினத் தானுந்து
நிக்கல்-உலோக ஐதரைடு மின்கலம்
இலித்தியம்-அயனி மின்கலம்
மின்னோடி
டொயோட்டா பிரியஸ்